அயோர்டிக் வால்வு சுருக்கத்துக்கு ஸ்ட்ரெய்ன் எக்கோ: 5க்கு 4

அப்பாவுக்கு அயோர்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வழியில் இருக்கும் வால்வு) சுருக்கம். 3, 4 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு 0.9தான் திறக்கிறது, ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர், அதாவது தீவிர நிலை. ஆனால் மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம் எதுவுமே இல்லை. முன்பு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்த இடத்தில் "இ.எஃப். 60, நார்மல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் (இ.எஃப். என்பது இதயத்தின் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு), அதை நம்பி நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இந்த முறை டாக்டர் ஸ்ட்ரெய்ன் அளவும் (துடிக்கும்போது இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற கணக்கு) வேண்டும் என்றதால் வேறு சென்டருக்குப் போனோம். ஊசி எதுவும் கிடையாது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இ.சி.ஜி. வயர் ஒட்டி, ஜெல் தடவி, அவ்வப்போது மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். படம் தெளிவாக வராத இடத்தைப் பொறுமையாகத் திரும்ப எடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆரம்பிக்கும் முன் பி.பி. பார்த்து ரிப்போர்ட்டிலேயே எழுதியது; பி.பி. ஏறியிருந்தால் ஸ்ட்ரெய்ன் குறைவாகக் காட்டுமாம்.

முடிந்ததும் டாக்டர் திரையைக் காட்டியே விளக்கினார். சுருங்கிய வால்வு வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்துவிடுகிறது, உள்ளறை சிறிதாகிவிடுவதால் இ.எஃப். நன்றாகவே வரும், ஆனால் உட்பக்கம் நீளவாக்கில் ஓடும் தசை இழைகள் அதற்குள் தளர ஆரம்பித்திருக்கலாம், அதைத்தான் ஸ்ட்ரெய்ன் பிடிக்கிறது என்றார். ஆரோக்கியமான இதயத்துக்கு மைனஸ் 20 சதவீத அளவில் இருக்கும், அப்பாவுக்கு மைனஸ் 14.5தான், அதாவது சுருங்குவது குறைந்திருக்கிறது. மைனஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தசை சுருங்கிக் குட்டையாவதைத்தான் அது குறிக்கிறது.

குறைகள்? அப்பாயின்ட்மென்ட் வாங்கியும் 2 மணி நேரம் காத்திருந்தோம், வயதானவருக்கு அது ரொம்ப அதிகம். அப்புறம் எந்த மெஷின், எந்த சாஃப்ட்வேர் என்று ரிப்போர்ட்டில் இல்லை, கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி எண் கொஞ்சம் மாறும், அதனால் அடுத்த முறை ஒப்பிட அது அவசியம், நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இ.எஃப். 50க்குக் கீழே போனால் அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வு மாற்றச் சொல்வார்கள். ஸ்ட்ரெய்னை மட்டும் வைத்து முடிவு எடுப்பதில்லை. டாக்டர் இப்போது என்.டி. புரோ பி.என்.பி. என்ற, இதயம் எவ்வளவு சிரமப்படுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார், அது வந்ததும் ஆபரேஷன் பற்றிப் பேசப் போகிறோம்.