வகுப்பா, திறந்த கூடமா?
சமூக மையத்தில் முதியோருக்கு இரண்டு வழி உண்டு: நேரம் குறித்து நடக்கும் பாட்டு, உடற்பயிற்சி வகுப்புகள், இல்லையென்றால் நினைத்தபோது வந்து செஸ் ஆடி, பேப்பர் படித்து, பேசிவிட்டுப் போகிற திறந்த கூடம். உடம்புக்கு என்று பார்த்தால் வகுப்புதான். 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, கீழே விழாமல் இருப்பதற்காக. அது உட்கார்ந்து பேசுவதில் கிடைக்காது. ஆனால் முழங்கால் வலியால் இரண்டு வகுப்பைத் தவறவிட்டவர் மூன்றாவதுக்கு வரத் தயங்குவார், கூடத்தில் அந்தத் தயக்கம் இல்லை. துணையை இழந்து தனியாக இருப்பவருக்கு நான் முதலில் கூடத்தைத்தான் சொல்வேன், பழகிய முகங்கள் கிடைத்தால் அப்புறம் அவரே வகுப்பைக் கேட்பார். காது மந்தமானவருக்கு மட்டும் இரைச்சலான கூடம் சரிப்படாது, சின்ன வகுப்பே நல்லது.