குமட்டல் நிற்கவில்லை: இஞ்சியா, மாத்திரையா, எண்டோஸ்கோபியா?

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது வாரம். அவித்த முட்டையில் கால் பங்கை மசித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாய் இறங்கியதுமே வாயெல்லாம் எச்சில் ஊறியது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த எச்சில் என்ன சொல்கிறது என்று தெரியும். அடுத்த நிமிடம் புரட்டும். எடை இறங்குவதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சாப்பாட்டு நேரம் வந்தாலே பயமாக இருந்தது.

ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தேன், மற்றவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எது நல்லது என்பதை, குமட்டல் எப்போது வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. சாப்பிடும்போதா, சாப்பிட்ட அரை மணிக்குள்ளா, வெறும் வயிற்றிலா, நாள் முழுக்கவா? இதைக் கவனிக்காமல் எந்த வழியைப் பிடித்தாலும் குருட்டாம்போக்குதான்.

சாப்பிடும் விதத்தை மாற்றுவது

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைக்கும் இன்னொரு வகையான பைபாஸில், அந்தப் பை சுமார் 30 மில்லிதான் பிடிக்கும். பழைய வேகத்தில் சாப்பிட்டால் ஒரு வாய் கூடினாலும் திரும்பி வரும். சாப்பிடும்போதே புரட்டுகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். குழந்தைக்கு ஊட்டும் கரண்டி, ஒவ்வொரு வாய்க்கும் நடுவே கரண்டியைக் கீழே வைப்பது, ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தண்ணீர் கிடையாது. பக்கவிளைவே இல்லாத வழி. ஆனால் பலன் தெரியப் பொறுமை வேண்டும்.

நாள் முழுக்க லேசாகப் புரட்டிக்கொண்டே இருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உடம்பில் நீர் குறைந்தாலே குமட்டும். குமட்டினால் குடிக்க முடியாது. குடிக்காவிட்டால் இன்னும் குமட்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், அதுவும் மிடறு மிடறாக. சிலருக்குச் சில்லென்று இருந்தால் இறங்கும், சிலருக்கு வெதுவெதுப்பாக இருந்தால்தான். எனக்கு வெதுவெதுப்பு. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம்.

காலையில் வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் புரட்டுகிறதா? நேரத்தை மாற்றலாமா, வேறு வகை தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

இஞ்சி, மணிக்கட்டு, ஸ்பிரிட் பஞ்சு

இஞ்சி வெந்நீர் லேசான குமட்டலை அடக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு, முக்கியமாக ஸ்லீவ்காரர்களுக்கு, அதுவே எரிச்சலைக் கூட்டலாம். உள்மணிக்கட்டில், மணிக்கட்டு மடிப்புக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவது இன்னொரு வழி. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலை இது ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஊசி போடும் முன் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே வைத்து மெதுவாக மூச்சிழுப்பதும் அவசரத்துக்குக் கைகொடுக்கும். மூன்றில் என் ஓட்டு இதற்கு. பையில் எப்போதும் இரண்டு வைத்திருந்தேன். ஆனால் இவையெல்லாம் அந்த அரை மணி நேரத்தைத் தாண்டவைக்கும், அவ்வளவுதான்.

ஓண்டன்செட்ரானா, மெட்டோகுளோபிரமைடா?

மருந்துச் சீட்டில் அதிகம் வருபவை இவை இரண்டும். ஓண்டன்செட்ரான் நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரையாகவும் வருகிறது. விழுங்கியதெல்லாம் வெளியே வரும் நாளில் அது பெரிய விஷயம். தூக்கம் பெரிதாக வராது. ஆனால் மலச்சிக்கலும் தலைவலியும் வரலாம். குறைவாகச் சாப்பிடுவதால் ஏற்கெனவே மலச்சிக்கலில் இருப்பவர்களுக்கு அது தனித் தொல்லை. வாந்தியால் பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்திருந்தால் இதயத் துடிப்பின் லயத்தையும் அது பாதிக்கக்கூடும். அதனால் நாள் கணக்கில் தானாக வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை.

மெட்டோகுளோபிரமைடு இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கத் தூண்டும். உணவு மெதுவாக இறங்குவதுதான் காரணம் என்றால் இது பொருந்தும். ஆனால் மூளையிலும் வேலை செய்யும்: ஒரு இடத்தில் உட்கார முடியாத பதற்றம், நீண்ட நாள் எடுத்தால் முகமும் நாக்கும் தன்னிச்சையாக அசையும் கோளாறு. 12 வாரத்துக்கு மேல் பொதுவாக வேண்டாம் என்று அமெரிக்காவில் 2009 முதல் கடும் எச்சரிக்கையோடுதான் விற்கிறார்கள். ஐரோப்பாவில் 2013இல் ஐந்து நாளாகவே சுருக்கிவிட்டார்கள். இரண்டில் ஒன்று என்றால் நான் முதலாவதைத்தான் கேட்பேன்.

சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கோடு புரட்டினால் அது டம்பிங், அதாவது உணவு வேகமாகக் குடலுக்குள் கொட்டிவிடுவது. பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம். அங்கே மாத்திரையைவிடச் சர்க்கரையை நிறுத்துவது நன்றாகக் கேட்கும்.

காத்திருப்பதா, உள்ளே பார்ப்பதா?

நான் தவறியது இங்கேதான். மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கியது, அதனால் ஒன்பதாவது வாரம் வரை ஓட்டினேன். நாளாக ஆகக் குறைய வேண்டிய குமட்டல் கூடிக்கொண்டே போனது. முதலில் கெட்டியான உணவு இறங்கவில்லை, அப்புறம் மசித்தது, கடைசியில் தண்ணீர். இந்த வரிசை வந்தால் குறுகல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில், குழாய்போல ஆக்கப்பட்ட என் இரைப்பை நடுவில் சுருங்கியிருந்தது தெரிந்தது. பலூன் வைத்து இரண்டு முறை விரித்தார்கள். ஆறாவது வாரத்திலேயே கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பைபாஸில் தையல் இணைப்பில் புண் வருவதும் உண்டு. புகையும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அதற்கு வழிவிடும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல்லும் சேரும். பெண்களுக்கு இன்னொன்று: எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆகவே கர்ப்பப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

ஒப்பிட நேரமில்லாதவை

வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டுமே கையிருப்பு இருக்கும். வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்துபோய் மூளையைப் பாதிக்கும். ஒன்று இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். நாள் கடந்தால் ஞாபக சக்தி முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இந்த அடையாளங்கள் தெரிந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, கடும் வயிற்று வலி, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, ரத்த வாந்தி இருந்தாலோ இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த வகை அறுவை, எந்தத் தேதியில் என்பதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினால், அதற்கு முன் தயமின் போட்டாயிற்றா என்று கேளுங்கள். கூட வருகிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.