ஹெச்டபிள்யூஇன்ஃபோ: 127 டிகிரின்னு காட்டினா பதறாதீங்க

கம்ப்யூட்டர் உள்ள எது எவ்ளோ சூடா இருக்குன்னு காட்டுற சாஃப்ட்வேர்தான் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, முதல் தடவ இத ஓப்பன் பண்ணப்போ எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. மதர்போர்டு பகுதியில ஆக்ஸ்டின்னு ஒரு வரி, அதுல 127 டிகிரி!! கேபினட்ட தொட்டு பாத்தா சில்லுன்னு இருக்கு, ஃபேன் பாட்டுக்கு அமைதியா ஓடுது. அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது, போர்டுல இருக்கிற மானிட்டரிங் சிப்புல டெம்பரேச்சர் பாக்க பல பின் இருக்கும், போர்டு செய்றவங்க அதுல சிலதுல மட்டும்தான் சென்சார் மாட்டுவாங்க, மிச்சது சும்மா கிடக்கும், அதுல வர்ற குப்பையையும் சாஃப்ட்வேர் அப்படியே காட்டுது. 127ங்கிறது மைனஸ் குறிக்கும் இடம் விட்டு 8 பிட்டுல எழுதக்கூடிய பெரிய நம்பர், அவ்ளோதான். சில போர்டுல அதே வரி மைனஸ்ல கூட நிக்கும்.

சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஓப்பன் பண்றப்பவே சென்சார்ஸ் ஒன்லி டிக் பண்ணிட்டா நேரா மேட்டருக்கு போயிடலாம். இன்டெல் ப்ராசசர்ல "டிஸ்டன்ஸ் டு டிஜேமேக்ஸ்"னு ஒரு வரி வரும், அதுல 30ன்னு இருந்தா 30 டிகிரி சூடுன்னு சந்தோஷப்படாதீங்க, சிப் தாங்குற சூட்டோட லிமிட்ட தொட இன்னும் 30 டிகிரி பாக்கின்னு அர்த்தம். லிமிட் நெறைய சிப்புல 100. உண்மையில சென்சார் அளக்கிறதே இந்த தூரத்ததான், லிமிட்லேர்ந்து அத கழிச்சுதான் நமக்கு டெம்பரேச்சர்னு காட்டுறாங்க, அதனால லிமிட் பக்கத்துல கணக்கு சரியா இருக்கும், வேலையில்லாம சும்மா இருக்கிறப்போ கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஒரு கோர் 31 இன்னொன்னு 36ன்னு பாத்துட்டு சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல பேஸ்ட் சரியா தடவலையோன்னு கூலர கழட்டி உக்காந்துடாதீங்க (நான் உக்காந்தேன்).

ஏஎம்டி ப்ராசசர் கதை வேற. பழைய ரைசன் 1800எக்ஸ்ல டிசிடிஎல்ங்கிற நம்பர் நிஜ சூட்ட விட 20 டிகிரி கூட்டியே சொல்லும், டிடைன்னு வர்ற இன்னொரு நம்பர்தான் நிஜம். ரைசன் 7000ல பெரிய மாடலெல்லாம் ஃபுல் லோடுல 95ல போய் நின்னா அது கோளாறு இல்ல, டிசைனே அப்படி.

குறைன்னா மேக்ஸிமம்னு போட்ட கட்டம்தான் ஆள பயமுறுத்தும், எப்பவோ ஒரு செகண்ட் எகிறினத கடைசி வரைக்கும் புடிச்சு வச்சிருக்கும். கீழ கடிகாரம் போட்ட பட்டன அழுத்தி ரீசெட் பண்ணிட்டு, ஒரு அரை மணி நேரம் கேம் ஓட்டிட்டு ஆவரேஜ பாருங்க, கூடவே தெர்மல் த்ராட்லிங் (சூடு தாங்காம சிப் தானா வேகத்த குறைக்கிறது) வரியில எஸ்ஸா நோவான்னும் பாருங்க. நோன்னா கம்முன்னு வேலைய பாருங்க.

லிஸ்ட் ரொம்ப நீளம், புதுசா வர்றவங்களுக்கு கண்ணே சுத்தும். வேணாங்கிறத ரைட் கிளிக் பண்ணி ஹைட் பண்ணிக்கலாம், நான் இப்போ ஆறே ஆறு வரிதான் வச்சிருக்கேன், முதல்ல ஹைட் பண்ணது அந்த 127அத்தான்.