சோனி ஏ7 மார்க் 3 கையில் இருக்கிறது, மார்க் 4-க்கு மாறலாமா? நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரண்டு பாடிகளையும் (லென்ஸ் இல்லாத கேமரா) ஒரே மாதிரி வேலைகளில் நெடுநாள் ஓட்டிய பிறகு சொல்லக்கூடிய பதில் இது. வீடியோவில் சம்பாதிப்பவர் மாறலாம், யோசிக்க வேண்டியதில்லை. ஸ்டில் மட்டும் எடுப்பவர் படத்தின் தரம் கூடும் என்று நம்பி மாற வேண்டாம். ஃபோகஸ் தவறிப் படங்கள் வீணாவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் மட்டும் மாறுங்கள். இந்த இரண்டு காரணங்களையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் பணத்தைக் கொட்டிவிட்டு "பெருசா வித்தியாசம் தெரியலையே" என்கிறார்கள்.

முதலில் சென்சார். 2018-இல் வந்த மார்க் 3-இல் 24 மெகாபிக்சல், 2021-இல் வந்த மார்க் 4-இல் 33. கேட்கப் பெரிய தாவலாகத் தெரியும். அகலவாக்கில் கணக்குப் போட்டால் 6000 பிக்சல் 7008 ஆகிறது, அதாவது சுமார் 17 சதவீதம். 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டால் மார்க் 3 அங்குலத்துக்கு 167 பிக்சல் தரும், மார்க் 4 சுமார் 195 தரும். கையில் வைத்துப் புரட்டுபவர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் எட்டாது. கிராப் செய்பவருக்குத்தான் பலன். ஏபிஎஸ்-சி (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் சிறிய அளவு) கிராப் பட்டனை அழுத்தினால் மார்க் 3-இல் மிஞ்சுவது 10 மெகாபிக்சல், மார்க் 4-இல் 14. 85 எம்எம் லென்ஸ் ஒன்றே கையில் இருக்க, மேடைக்கு அருகில் போக முடியாத நேரத்தில் அந்த 14 கைகொடுக்கும்.

நாய்ஸ் (படத்தில் விழும் பொரிப்புள்ளி) விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 100 சதவீதம் ஜூம் செய்தால் மார்க் 4 படம் சற்று கூடுதல் நாய்ஸாகவே தெரியும். பிக்சல் சிறியது, அதனால் அப்படி. ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐஎஸ்ஓ வைக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும். மார்க் 3-இல் ஐஎஸ்ஓ 640-இல் சென்சாரின் இரண்டாவது கெயின் (சிக்னலைப் பெருக்கும் நிலை) தொடங்குகிறது. ஆகவே 500 தேவைப்படும் இடத்தில் 640 வைத்தால் நிழல் பகுதிகள் இன்னும் சுத்தமாக வரும். மார்க் 4-இல் அந்த எல்லை 400. பழைய கைப்பழக்கத்தில் 320-இல் நிற்பவர்கள் 400-க்கு ஏறிவிடுவது நல்லது.

கை நடுக்கமும் மார்க் 4-இல் சீக்கிரம் தெரியும். ஸ்டெபிலைசேஷன் 5 ஸ்டாப்பிலிருந்து (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்க இடம் தரும்) 5.5 ஆக உயர்ந்தது உண்மை. ஆனால் அது கேமரா ஆடுவதைத்தான் தடுக்கும், ஆள் அசைவதைத் தடுக்காது. மார்க் 3-இல் 1/100-இல் ஷார்ப்பாகத் தெரிந்த படம் மார்க் 4-இல் பெரிதாக்கினால் லேசாக மங்கலாகத் தெரியும். 1/125, முடிந்தால் 1/160 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். "புது பாடி ஷார்ப் இல்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் தீர்ந்துவிடும்.

இனி ஃபோகஸ். உண்மையான முன்னேற்றம் இங்கேதான் இருக்கிறது. மார்க் 3-க்கு 2019-இல் வந்த 3.0 ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்), ஷட்டரைப் பாதி அழுத்தினாலே கண்ணைப் பிடிக்கும் வசதியைத் தந்தது. விலங்குகளின் கண்ணையும் இன்டர்வெல் ஷூட்டிங்கையும் அதே அப்டேட்டில் சேர்த்தார்கள். இன்னும் பழைய ஃபர்ம்வேரில் ஓட்டுபவர்கள் பணம் செலவழிக்கும் முன் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மார்க் 3-இன் பலவீனம் ஒன்று பாக்கி இருக்கும்: ஆளைத் தொடர்வது. அதன் லாக்-ஆன் ஏஎஃப், மணப்பெண் தலை குனிந்து, மாலை முகத்தை மறைத்த நொடியிலேயே பின்னால் நிற்கும் அத்தையின் முகத்துக்குத் தாவிவிடும். மார்க் 4-இல் டிராக்கிங் ஸ்பாட்டை மணப்பெண் மேல் வைத்துப் பாதி அழுத்திப் பிடித்தால், முகம் மறைந்தாலும் தலையையும் சேலையின் நிறத்தையும் பற்றிக்கொண்டு நிற்கும். நிமிர்ந்தவுடன் கண்ணுக்குத் திரும்பும். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில், சுற்றி இருபது பேர் அட்சதையோடு கையைத் தூக்கிக்கொண்டு நெருக்கும்போது, இந்த ஒரு வசதிக்காகவே மார்க் 4-ஐக் கையில் எடுக்கலாம்.

மார்க் 3-ஐயே வைத்துக்கொண்டு சமாளிக்கவும் வழி இருக்கிறது. ஒரு கஸ்டம் பட்டனில் முகம்/கண் முன்னுரிமையை ஆன்-ஆஃப் செய்யும் வேலையைப் போடுங்கள். கூட்டம் நெருக்கும்போது அதை அணைத்து, ஃப்ளெக்ஸிபிள் ஸ்பாட்டைச் சிறிய அளவில் வைத்து, ஜாய்ஸ்டிக்கால் கண்மேல் நகர்த்துங்கள். ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும்.

இருட்டில் ஃபோகஸ் தேடுவது பற்றியும் ஒரு வார்த்தை. மார்க் 3 மைனஸ் 3 ஈவி (வெளிச்ச அளவு, எண் குறையக் குறைய இருட்டு) வரை, மார்க் 4 மைனஸ் 4 ஈவி வரை என்பது சோனி தரும் கணக்கு. ஆனால் ஃப்ளாஷ் போட்டுக் குரூப் படம் எடுக்கையில் எஃப் 8 வைப்போம். அப்போது கேமரா லென்ஸைச் சுருக்கிய நிலையிலேயே ஃபோகஸ் செய்யப் பார்ப்பதால், சென்சாருக்கு வரும் வெளிச்சம் குறைந்து இரண்டு பாடியும் தடுமாறும். லைவ் வியூ டிஸ்ப்ளேயில் செட்டிங் எஃபெக்டை அணைத்தால் வியூஃபைண்டராவது பிரகாசமாகத் தெரியும். மார்க் 4-இல் கூடுதலாக அப்பர்ச்சர் டிரைவ் மெனுவில் ஃபோகஸுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். லென்ஸ் திறந்த நிலையில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு சுருங்கும்.

தொடர் படம் எடுப்பவர்கள் கவனிக்க: மார்க் 4-இன் 10 எஃப்பிஎஸ் (நொடிக்கு 10 படம்), கம்ப்ரஸ்டு ராவில் (சுருக்கிய ரா ஃபைல்) மட்டும்தான். லாஸ்லெஸ் அல்லது அன்கம்ப்ரஸ்டு வைத்தால் ஏறத்தாழ 6-க்கு இறங்கிவிடும். வாங்கிய மறுநாள் "பாடி ஸ்லோ" என்று திருப்பிக் கொடுக்க ஓடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய மெனு அது. சைலன்ட் ஷட்டரிலும் எச்சரிக்கை தேவை. சென்சார் முழுவதையும் வாசிக்கச் சுமார் 1/15 நொடி எடுக்கிறது. எல்இடி விளக்கின் கீழ் கோடு கோடாக விழும், வேகமாக அசையும் கை சாய்ந்து தெரியும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

வீடியோவில் நிலைமையே வேறு. மார்க் 3 உள்ளே பதிவு செய்வது 8 பிட், 4:2:0 (நிறத் தகவல் குறைவு). அதில் எஸ்-லாக் 3 (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய நிலையில் பதிவு செய்யும் முறை) எடுத்துக் கலர் கிரேடிங் செய்தால் மண்டபச் சுவரிலும் மாலை வானத்திலும் பட்டைகள் விழும். மார்க் 3 வைத்திருப்பவர்கள் எஸ்-லாக் 3-ஐ விட்டு எச்எல்ஜி என்ற இன்னொரு புரொஃபைலில் எடுத்தால் அந்தத் தொல்லை கணிசமாகக் குறையும். 30பி (நொடிக்கு 30 ஃப்ரேம்) வைத்தால் மார்க் 3 படத்தை 1.2 மடங்கு கிராப் செய்கிறது, 25பி-யில் முழு அகலமும் கிடைக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஃப்ளிக்கர் இல்லாமல் இருக்கவும் 25பி, ஷட்டர் 1/50 தான் சரி. ஆக அந்தக் கிராப் உங்களுக்குப் பிரச்சினையாக இருக்க வேண்டியதே இல்லை.

ஆனால் மார்க் 4 தரும் 10 பிட், 4:2:2-க்கு (நிறத் தகவல் அதிகம்) மாற்று வழி கிடையாது. வீடியோவில் கண் ஃபோகஸும் அப்படித்தான். மார்க் 3 வீடியோவில் முகத்தை மட்டுமே பார்க்கும், மார்க் 4 கண்ணைப் பிடிக்கும். எஃப் 1.8-இல் கிம்பலோடு (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) மணமக்களைச் சுற்றி வரும்போது இமையில் ஃபோகஸா காதிலா என்பதை இதுதான் தீர்மானிக்கும். மார்க் 3-இல் ஒரு கிளிப் அரை மணி நேரத்துக்குள் நின்றுவிடும், மார்க் 4-இல் அந்தத் தடை இல்லை. மைக்ரோ எச்டிஎம்ஐ போய் முழு அளவு எச்டிஎம்ஐ வந்ததை, லைவ் போடுபவர்கள் தனி வரமாக எண்ணலாம். மார்க் 3-இன் மைக்ரோ சாக்கெட், கேபிளின் எடையிலேயே தளர்ந்துவிடும். கேமராவின் மேலே ஃப்ளாஷ், மைக் மாட்டும் ஷூவும் டிஜிட்டல் ஒலியை ஏற்கும். ஈசிஎம்-பி1எம் போன்ற மைக்கை ஒயர் இல்லாமல் நேராக மாட்டலாம். மார்க் 3-இல் அந்த மைக் வேலை செய்யாது.

குறையும் உண்டு. 4கே 50பி வைத்தால் மார்க் 4 ஏபிஎஸ்-சி அளவுக்குக் கிராப் ஆகிவிடும். 24 எம்எம் லென்ஸ் 36 எம்எம் போலப் பார்க்கும். சின்ன வீட்டில் சடங்குகளை ஸ்லோமோஷனில் எடுப்பவருக்கு 16 எம்எம் தொடங்கும் ஒரு லென்ஸ் கட்டாயமாகிவிடும், அதன் விலையும் பட்ஜெட்டில் சேர வேண்டும். பிரீதிங் காம்பென்சேஷன் (ஃபோகஸ் மாறும்போது படத்தின் அகலம் மாறுவதைச் சரிசெய்வது) குறிப்பிட்ட சோனி லென்ஸ்களில்தான் வேலை செய்யும். டாம்ரான், சிக்மா வைத்திருப்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வெயிலில் நீண்ட நேரம் ஓட்ட, ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சரை ஹை-யில் வைத்து, திரையை உடம்பிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். மூடியே வைத்தால் பின்பக்கச் சூடு வெளியேறாது.

பலரும் தவறவிடுவது பாடிக்கு வெளியே ஆகும் செலவு. இந்தியாவில் மார்க் 4 அறிமுக விலை 2,42,490 ரூபாய். அதோடு முடிவதில்லை. பேட்டரி அதே எஃப்இசட்100 தான், பழையவை எல்லாம் பயன்படும். ஆனால் சிபா (கேமரா தயாரிப்பாளர்கள் சங்கம்) கணக்குப்படி திரையில் பார்த்து எடுத்தால் மார்க் 3-இல் 710 படம், மார்க் 4-இல் 580. நாள் முழுக்க வேலை என்றால் கூடுதலாக ஒரு பேட்டரி வேண்டும். பழைய விஜி-சி3இஎம் கிரிப் பொருந்தாது, விஜி-சி4இஎம் வாங்க வேண்டும். கேஜ், எல்-பிளேட் (கேமராவோடு பொருத்தும் உலோகச் சட்டங்கள்) எதுவும் ஒத்துவராது.

ஃபைல் அளவு: அன்கம்ப்ரஸ்டு ரா மார்க் 3-இல் சுமார் 48 எம்பி, மார்க் 4-இல் 70-ஐ ஒட்டி. கம்ப்ரஸ்டு என்றால் 24-க்குப் பதில் 35 எம்பி. வீடியோவில் மார்க் 3-இன் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். மார்க் 4-இன் 25பி 10 பிட் 4:2:2, 140 எம்பிபிஎஸ், அதாவது 63 ஜிபி. 50பி வைத்தால் 200 எம்பிபிஎஸ், 90 ஜிபி. இதற்கெல்லாம் வி60 (எழுதும் வேக வகுப்பு) எஸ்டி கார்டு போதும். கார்டு விஷயத்தில் ஒரு நிம்மதியும் உண்டு. மார்க் 3-இன் இரண்டாவது ஸ்லாட் யுஎச்எஸ்-1 (யுஎச்எஸ்-2-ஐ விட மெதுவானது) மட்டுமே, அதனால் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) காலியாகக் காத்திருக்க வேண்டும். மார்க் 4-இல் இரண்டு ஸ்லாட்டுமே யுஎச்எஸ்-2.

கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) 10 பிட் 4:2:2 ஃபைலை ஹார்டுவேரில் பிரிக்க இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய உள் கிராஃபிக்ஸ், ஆப்பிள் எம் சிப் அல்லது என்விடியா 50 வரிசை வேண்டும். என்விடியா 40 வரிசை வரை எவ்வளவு விலை கொடுத்த கார்டாக இருந்தாலும் 4:2:2-ஐத் தொடாது, டைம்லைன் திக்கும். 25பி-க்குக் கிடைக்கும் எக்ஸ்ஏவிசி எஸ் ஃபைல் எச்.264, அது பல நல்ல மெஷின்களிலும் சுணங்கும். கேமராவிலேயே புராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) பதிவை இயக்கிவிடுங்கள், அல்லது எடிட்டிங் தொடங்கும் முன் புராக்ஸி உருவாக்கிக்கொள்ளுங்கள்.

2025 டிசம்பரில் சோனி மார்க் 5-ஐ அறிவித்தது. அதே 33 மெகாபிக்சல், ஆனால் பகுதியளவு ஸ்டாக்டு (வேகமாக வாசிக்கும்) சென்சார், 30 எஃப்பிஎஸ், முழு அகலத்தில் 4கே 60பி. மேலே சொன்ன 50பி கிராப்பும் சைலன்ட் ஷட்டரும்தான் உங்களை உறுத்துகிறது என்றால் மார்க் 4-ஐத் தாண்டி நேராக அதற்குப் போவதே சரி. மற்றவர்களுக்கு மார்க் 5 வந்ததன் நன்மை, மார்க் 4 செகண்ட்ஹேண்டில் தாராளமாகக் கிடைப்பது.

செகண்ட்ஹேண்ட் வாங்கினாலும் சரி, உங்கள் மார்க் 3-ஐ விற்றாலும் சரி, எடிட் செய்யாத ஒரு ஃபைலை எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் போட்டு ஷட்டர் கவுன்ட்டைப் பாருங்கள். மார்க் 3 ஷட்டருக்குச் சோனி சொல்லும் ஆயுள் 2 லட்சம். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரைச் சற்று அவுட் ஆஃப் ஃபோகஸில் எடுத்தால் சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். மார்க் 4-இல் தூசியைக் குறைக்க, பவர் ஆஃப் செய்யும்போது ஷட்டர் மூடிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. மெனுவில் ஆன்டி-டஸ்ட் பகுதியில் அதை இயக்கி, ஆஃப் செய்து ஷட்டர் மூடியதைப் பார்த்த பிறகே லென்ஸைக் கழற்றுங்கள். மூடிய ஷட்டரின் இதழ்கள் மிக மெல்லியவை. விரல் படக் கூடாது, கேன் காற்றும் அடிக்கக் கூடாது.

மார்க் 3-க்குக் கிடைக்கும் விலை குறைவு என்றால் விற்காமல் இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்வதே என் யோசனை. பேட்டரியும் லென்ஸும் பொது. ஆனால் தோல் நிறம் இரண்டிலும் ஒன்று போல வராது. பழையதில் கிரியேட்டிவ் ஸ்டைல், புதியதில் கிரியேட்டிவ் லுக், இரண்டும் வெவ்வேறு. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை விட்டுவிட்டு இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணை வையுங்கள். ராவைத் திறந்ததும் இரண்டுக்கும் ஒரே கேமரா புரொஃபைல் கொடுத்து, ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்து டின்ட்டைச் சரிசெய்து, அதைப் பிரீசெட்டாகச் சேமியுங்கள். ஃபைல் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் பாடிக்கு ஒன்றாக மாற்றி, வேலை தொடங்கும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி வரை ஒப்பிட்டு வையுங்கள். இல்லையென்றால் நேர வரிசையில் அடுக்கும்போது மாலை மாற்றியது தாலி கட்டியதற்குப் பிறகு வந்து நிற்கும்.