கோல்ஃப் டிரைவர் தலை மட்டும் தனியாக வாங்கினேன்

டிரைவர் என்பது கோல்ஃபில் பந்தை நெடுந்தூரம் அடிக்கும் மட்டை. என் பழைய டிரைவரின் ஷாஃப்ட், அதாவது தண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தமானது. அதை விட மனமில்லாமல் 460 சிசி கன அளவுள்ள தலையை மட்டும், பயன்படுத்தியதாகப் பார்த்து வாங்கினேன். பொருள் அருமை. பந்தில் படும் முகத்தில் கீறல் இல்லை, அடியில் உள்ள எடைத் திருகு ஆடவில்லை. காதருகே வைத்து உலுக்கினேன். உள்ளே காய்ந்த பசைத்துண்டு உருளும் சத்தமும் இல்லை. பழைய தலை வாங்குகிறவர்கள் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டுப் பாருங்கள்.

குறை, விற்றவர் தந்த விவரத்தில்தான். ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் அடாப்டர் ஸ்லீவ் பற்றி ஒரு வரிகூட இல்லை, நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. டெய்லர்மேட் கம்பெனியின் ஸ்லீவ் காலவே கம்பெனியின் தலையில் பொருந்தாது. ஒரே கம்பெனியில்கூட மாடல் மாறினால் ஸ்லீவ் மாறலாம். திருகு முடுக்கும் டார்க் சாவியும் வரவில்லை.

டிரைவர் இல்லாமல் அயர்ன் என்னும் குறைந்த தூர மட்டையின் தலை என்றால், ஷாஃப்ட் நுழையும் ஹோசல் துளை 0.355 அங்குலமா, 0.370 அங்குலமா என்று கட்டாயம் கேளுங்கள். 0.370 ஷாஃப்ட் சின்னத் துளைக்குள் நுழையாது.

அப்புறம் எடை. தலையில் சுமார் 2 கிராம் கூடினாலே ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது தலைப்பக்கம் உணரும் கனத்தின் அளவு, ஒரு புள்ளி ஏறும். புதுத் தலை கொஞ்சம் லேசாக இருந்தது. கனமான திருகு போட்டதும் பழைய பிடிமானம் கைக்கு வந்துவிட்டது. பந்தில் படும்போது சத்தம் மட்டும் முன்பைவிடக் கணீரென்று இருக்கிறது. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.