8 என்று எழுதியிருந்த ஸ்பீக்கர்

யாங்கூனில் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறேன் என்றால், "கரண்ட் நிலையாக இல்லாத ஊரில் உனக்கு இது எதற்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும். ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு ஈஎல்34 வால்வு, பின்னால் ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ப மாட்ட 4, 8, 16 ஓம் என்று மூன்று முனைகள்.

கூடவே வாங்கிய பழைய ஸ்பீக்கர் ஜோடியின் முதுகில் 8 ஓம் என்று ஒட்டியிருந்தது. 8-லேயே மாட்டினேன். மெதுவாகக் கேட்கும்வரை குறையில்லை. தீபாவளிக்குக் கொஞ்சம் கூட்டி வைத்தால் நாதஸ்வரம் கரகரத்தது. ஒன்றரை வருஷத்தில் வால்வுகள் தளர்ந்துவிட்டன. ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின்மேல் பழியைப் போட்டு ஸ்டெபிலைசர் வாங்கினேன். புது வால்வு போட்ட பிறகும் அதே கரகரப்பு. ஒருநாள் சத்தமாக ஓடும்போது ஒரு வால்வின் தகடு லேசாகச் சிவந்தது.

ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, எழுதியிருக்கிறதை விடு, மீட்டரை வை." ஒயரைக் கழற்றி வைத்துப் பார்த்தோம். 3.3 ஓம். உண்மையான 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6-ஐ ஒட்டிக் காட்டும். யாரோ உள்ளே 4 ஓம் ஸ்பீக்கரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். விற்றவரும் வாய் திறக்கவில்லை.

வால்வுக்கு நேரே ஸ்பீக்கர் தெரியாது, டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் தெரியும். என்னுடையதில் 8 ஓம் முனையில் 8 ஓம் மாட்டினால் வால்வுகளுக்கு 6600 ஓம் சுமை. அதிலேயே 4 ஓம் மாட்டினால் 3300 ஆகிவிடும். கூட்டி வைக்கும்போது வால்வு கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். அந்தச் சிவப்பு அதுதான்.

4 ஓம் முனைக்கு மாற்றியதும் கரகரப்பு போனது. அந்த வால்வுகள் நான்கு வருஷம் தாண்டி இன்னும் ஓடுகின்றன.

அப்புறம் நிஜமான 8 ஓம் ஜோடி ஒன்று கிடைத்தது. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். 8-ல் மாட்டினால் சத்தம் தாராளம், ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தாழ்ந்த ஒலி) ஊதிப் போய்க் கேட்டது. தாழ்ந்த சுரத்தில் ஓரிடத்தில் ஸ்பீக்கரின் ஓம் ஏகத்துக்கும் ஏறும். வால்வு ஆம்ப் அந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். 4-ல் மாட்டியதும் தொப்பி இறுகி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. உச்ச சத்தம் கொஞ்சம் குறைவுதான். எங்கள் வீட்டு முன்னறைக்கு அது போதும். எங்கள் வீட்டுச் சத்தத்தில் இந்தத் திசையில் மாறினால் வால்வுக்கும் பெரிய சிரமமில்லை.

ஸ்பீக்கரே இல்லாமல் மட்டும் ஓடவிடாதீர்கள். ஒருமுறை அண்ணன் மகன் பாட்டு ஓடும்போதே ஒயரைக் கழற்றிவிட்டான், ஓடிப்போய் அணைத்தேன். சுமை இல்லையென்றால் டிரான்ஸ்பார்மருக்குள் மின்னழுத்தம் எகிறிக் காப்புறையைத் துளைத்துவிடும். வால்வு போனால் வேறு வாங்கலாம், அந்த டிரான்ஸ்பார்மருக்கு நான் எங்கே போவேன்?

இப்போது 4-ல்தான் எல்லாம். 8 ஓம் திருகு இந்த மழைக்காலத்தில் பச்சை பூத்துக் கிடக்கிறது.