83, 120, 116: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பத்துக்கு எந்த இன்ஜின்?

ஒரே வண்டி, ஒரே உருவம், உள்ளே மூன்று இன்ஜின். ஷோரூமில் நிறமும் சீட் கவரும் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். இன்ஜினுக்கு வந்ததும் குடும்பமே நின்றுவிடும். "மச்சான், சின்ன இன்ஜின் தாங்குமா? டர்போ போட்டா செலவு வைக்குமா? பேசாம டீசலே எடுத்துரட்டுமா?" கீழக்கரை, உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று நம் பக்கத்து ஊர்களில் புது வண்டிப் பேச்சு வந்தால் இந்த மூன்று கேள்வியும் வரிசையாக வந்து நிற்கும்.

ஆளுக்கொரு வண்டியை வைத்துப் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். அதனால் ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் இரண்டையும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். இரண்டும் 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்குகிறவை, இரண்டிலும் அதே மூன்று இன்ஜின்கள். முதலாவது 1.2 லிட்டர் சாதா பெட்ரோல்: 83 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, சுமார் 114 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்). அடுத்தது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், அதாவது புகையின் வேகத்தில் சுழலும் டர்பைனால் கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிற இன்ஜின்: 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். மூன்றாவது 1.5 லிட்டர் டீசல்: 116 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் மூன்றுமே 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டன. 4 மீட்டருக்கு உட்பட்ட வண்டியாக இருந்து, பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும் டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் அந்த விகிதம். ஆகவே வரியில் இவற்றுக்குள் பாரபட்சம் இல்லை.

சரி, நம் ஊர்ச் சாலை என்ன கேட்கிறது?

மேடு என்று சொல்ல இங்கே பாம்பன் பாலத்தின் நடுவில் உள்ள ஏற்றத்தை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஐந்து பேரும் சாமானும் சேர்ந்து ஒன்றரை டன் வருகிற இப்படியொரு வண்டி, சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்குக் காற்றுத் தடையும் டயர் உராய்வும் சேர்த்து 12, 13 பிஎஸ் போதும். ஏசி இன்னொரு நான்கைந்து தின்னும். ஆனி, ஆடியில் ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி பக்கம் போகிறோம், கச்சான் காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் முகத்துக்கு நேரே அடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு 25 பிஎஸ்ஸைச் சுற்றித்தான் நிற்கும். 83 பிஎஸ் இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் செலவழிப்பதில்லை. சும்மா ஓட்டிக்கொண்டு போவதற்கு எந்த இன்ஜினும் போதும் என்பது இதனால்தான். பாம்பன் பாலத்தில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிற காற்றுக்கு இன்ஜின் சக்தியே மருந்து இல்லை. வேகத்தைக் குறைத்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பதுதான் வழி.

அப்படியென்றால் மூன்றுக்கும் வித்தியாசம் எங்கே தெரியும்? முன்னால் போகிற லாரியின் பின்னால்.

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதற்கு இந்தப் பக்கம் ராமநாதபுரம் வரை உள்ள 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை முடிகிறவரை அங்கே எதிர்வரும் வண்டியைப் பார்த்துத்தான் முந்த வேண்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீள்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதே கதை. உப்பு லாரி, கரிமூட்டை லாரி, மீன் வண்டி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், திடீரென்று குறுக்கே வரும் ஆட்டுக் கூட்டம். 50, 55 வேகத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறோம். வண்டி நான்காவது, ஐந்தாவது கியரில் இருக்கிறது, இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டி ஓடுகிறது. எதிரே சற்றே இடைவெளி. இப்போது மிதித்தால் என்ன கிடைக்கும்?

விளம்பரத் தாளில் போட்டிருக்கிற 83, 120, 116 எல்லாம் இன்ஜின் உச்சத்தில் கத்தும்போது கிடைக்கிறவை. பெட்ரோலில் அது 6000 சுற்றில், டீசலில் 4000 சுற்றில். குடும்பத்தோடு போகிறவர் அந்த 6000ஐ வண்டி வாங்கின நாளிலிருந்து தொட்டிருக்கவே மாட்டார். 2000 சுற்றில் என்ன கிடைக்கிறது என்று இழுவையை வைத்துக் கணக்குப் போட்டால் படம் மாறிவிடும்: 1.2 பெட்ரோல் 30 பிஎஸ்ஸை ஒட்டி, டர்போ 49, டீசல் 71. தாளில் முதலில் நிற்கிற டர்போ இங்கே இரண்டாவது இடம். தாளில் டீசலுக்கும் 1.2க்கும் உள்ள இடைவெளி 33 பிஎஸ்தான், சாலையில் அது 41 ஆகிவிடுகிறது, டீசலின் சக்தி 1.2ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். காரணம், டர்போவும் டீசலும் தங்கள் முழு இழுவையை 1500 சுற்றிலேயே கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. 1.2க்கு அது 4000 சுற்றில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை டர்போ விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். 1.2 ஓட்டுகிறவர் முந்துவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு இறக்கி, சுற்றை 4000 வரை ஏறவிட்டால் அவருக்குக் கிடைப்பது 65 பிஎஸ். கியர் மாற்றச் சோம்பல்பட்டு 2000 சுற்றிலேயே மிதிக்கிற டர்போக்காரரின் 49ஐ விட அது அதிகம். நம் ஆட்கள் பலர் டாப் கியரில் போட்டால் ஊர் வந்துதான் இறக்குவார்கள். கியர் குறைத்தால் டீசல் குடிக்கும், பெட்ரோல் குடிக்கும் என்று ஒரு பயம். அவர்களுக்கு 1.2 சரிப்படாது. கியரோடு கொஞ்சம் புழங்குகிற கை இருந்தால் 1.2ஐ மட்டமாகப் பேச வேண்டியதில்லை.

இந்த இழுவை விஷயத்தை நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், எதிரே வருகிற பஸ்ஸும் நாமும் ஆளுக்கு 80 வேகத்தில் இருந்தால் இரண்டு விநாடியில் நடுவே உள்ள தூரம் கிட்டத்தட்ட 90 மீட்டர் குறைந்துவிடும். முந்தி முடிக்க அந்த இரண்டு விநாடி கூடுதலாகப் பிடிக்கிற வண்டியும் பிடிக்காத வண்டியும் ஒன்றல்ல. அதுவும் சித்திரை வெயிலில், ஏசி முழு வேகத்தில், பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மதுரை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்த வளைகுடாப் பெட்டிகள் என்றால் 1.2க்கு மூச்சு வாங்குவது ஸ்டீயரிங் பிடித்தவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் வண்டி வருடத்தில் எத்தனை தடவை அப்படி ஓடும்? இதை வீட்டில் உட்கார்ந்து நேர்மையாக எண்ண வேண்டும். கீழக்கரைக்குள் பிள்ளையைப் பள்ளியில் விட, ராமநாதபுரத்துக்குத் துணி எடுக்க, வெள்ளிக்கிழமை ஏர்வாடி, எப்போதாவது உத்தரகோசமங்கை என்றுதான் பெரும்பாலான வண்டிகள் ஓடுகின்றன. அந்த ஓட்டத்துக்கு 1.2தான் நிம்மதி. நான்கு சிலிண்டர் என்பதால் நின்ற இடத்தில் அதிராது. டர்போ மூன்று சிலிண்டர். ஏசி போட்டு நிற்கும்போது சின்ன நடுக்கம் தெரியும். 1.2ல் ரிப்பேர் ஆகக்கூடிய பாகங்களும் குறைவு. இதில் 5 கியர் மேனுவல் மட்டும்தான் வருகிறது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

டர்போவுக்கு வருவோம். மைலேஜ் ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது. பதமாக மிதித்தால் 1.2க்குச் சமமாகவே கொடுக்கும், துரத்தினால் பாதாளத்துக்குப் போகும். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுகிற பழக்கம் உள்ளவர் இதைத் தொடவே வேண்டாம். டர்பைன் அச்சுக்கு அந்த ஆயில்தான் உயிர். மதுரையிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் டீக்கடையைக் கண்டதும் சட்டென்று இன்ஜினை அணைக்காமல் அரை நிமிடம் ஓடவிடுவது நல்லது. டர்போவோடு வருகிற 7 கியர் டிசிடி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அது உலர் கிளட்ச் வகை, குளிர்விக்க ஆயில் கிடையாது. திறந்த சாலையில் அருமையாகத் தானே கியர் குறைத்து முந்தக் கொடுக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரம் வரை அங்குலம் அங்குலமாக நகர்கிற வெயிலில் கிளட்ச் சூடேறும். விட்டு விட்டு நகராமல், முன்னால் நாலைந்து வண்டி நீளம் இடம் விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரேயடியாக நகர்ந்தால் சமாளிக்கலாம். மேனுவல் கியர் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஒரு சின்ன லாபமும் டர்போவில் ஒளிந்திருக்கிறது. அது 998 சிசி. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சக்தியைப் பார்ப்பதில்லை, சிசியைப் பார்க்கிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த விகிதப்படி 1000 சிசிக்குள் உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416 ரூபாய். மூன்றில் அதிக பிஎஸ் உள்ள இன்ஜினுக்குக் குறைந்த கட்டணம்! விலை வித்தியாசத்துக்கு முன்னால் இது காப்பிக் காசுதான், இருந்தாலும் வந்தவரை லாபம்.

டீசல் என்றால் நம் பக்கம் ஒரு தனி மரியாதை. அம்பாசிடர், டாடா சுமோ காலத்திலிருந்து வந்த பழக்கம். இழுவையில் இதை அடிக்க இந்த மூன்றில் ஆளில்லை. ஐந்து பேர் ஏறியதே அதற்குத் தெரியாது. மே மாதம் கொடைக்கானல் போனால் வத்தலக்குண்டு தாண்டி ஏறும் மலைப்பாதையில் 1.2 இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே வரும், டீசல் மூன்றாவதில் பேசிக்கொண்டு போகலாம். ஆனால் கணக்கு வேறு. 1.2க்கும் டீசலுக்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்க்கு 15 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய்க்கு 19 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 85 காசுக்குள்தான். போட்ட பணம் திரும்ப 80,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வருடம் 12,000 ஓடுகிறவருக்கு அது ஏழு வருடம்.

பணத்தைவிடப் பெரிய சங்கடம் டிபிஎஃப் என்ற கரிப்புகை வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் இது இருக்கிறது. புகையில் வரும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி சூடேறி நெடுந்தூரம் ஓடும்போது அதை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பஜாருக்கும் பள்ளிக்கும் மூன்று கிலோமீட்டர் ஓடி அணைக்கிற வண்டியில் அந்தச் சூடே வராது. கரி அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், கடைசியில் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது மதுரையோ தூத்துக்குடியோ போகிற மீன் வியாபாரி, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி போன்றவர்களுக்கு டீசல் தங்கம். மற்றவர்களுக்கு, பழைய மரியாதையை வைத்து மட்டும் எடுக்காதீர்கள் என்பேன்.

மற்ற வண்டிகளைப் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாக. மாருதி ஃபிராங்ஸில் 1.2க்கு 90 பிஎஸ், 1.0 டர்போவுக்கு 100 பிஎஸ். சக்தியில் பத்துதான் இடைவெளி, இழுவையில் 113க்கு 148. பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருந்தாலும் இன்ஜின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்பதால் 40 சதவீத ஜிஎஸ்டிக்குள் போய்விடுகிறது. டாடா நெக்ஸானில் சாதா பெட்ரோலே கிடையாது: டர்போ பெட்ரோல் 120 பிஎஸ், டீசல் 115. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவில் டர்போவே இரண்டு வகை, 111 பிஎஸ், 130 பிஎஸ் என்று. இந்தச் சமதளத்துக்கு 111ஏ தாராளம். அதன் 200 நியூட்டன் மீட்டர் போதாமல் போக வழியில்லை. சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு)? நம் வழுதூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவில் மின்சாரமே எடுக்கிறோம், ஆனால் காரில் சிலிண்டர் பொதுவாக டிக்கியைத் தின்றுவிடும். மாருதி எர்டிகாவில் பெட்ரோலில் உள்ள 103 பிஎஸ் சிஎன்ஜியில் 88க்கு இறங்கிவிடும். தினமும் ஓடுகிற டாக்சிக்குச் சரி.

உப்புக்காற்று மூன்று இன்ஜினுக்கும் ஒன்றுதான். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அங்கே மணலில் இறக்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். இவை எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள், 120 பிஎஸ்ஸும் புதைந்துதான் போகும்.

என் தேர்வு இதுதான். ஊருக்குள்ளேயே ஓட்டம், கியரோடு பழக்கம் உண்டு என்றால் 1.2. மாதம் ஓரிரு தடவை முழுக் குடும்பத்தோடு மதுரை உண்டு என்றால் மேனுவல் டர்போ. டர்போ பெரும்பாலும் நடு வேரியண்டிலிருந்துதான் வருகிறது, பணம் இடிக்கும். சன்ரூஃபை விட்டுவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்குக் கூரையில் கண்ணாடி எதற்கு என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. டீசல், வாரம் தவறாமல் நெடுஞ்சாலை பார்க்கிறவருக்கு மட்டும்.

டெஸ்ட் டிரைவைக் காலை பத்து மணிக்குச் சேல்ஸ்மேனோடு இரண்டு பேராகப் போய் முடித்துவிடாதீர்கள். மதியம் ஒரு மணிக்குக் கேளுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் உட்பட ஐந்து பேர் ஏறி, ஏசியை முழுதாக வைத்து, பட்டணம்காத்தான் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுங்கள். காலியான இடமாகப் பார்த்து, நான்காவது கியரில் 50ல் வைத்து, கியர் மாற்றாமல் மிதித்து 80 வருகிறவரை பக்கத்திலிருப்பவரை விநாடி எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அதையே மூன்றாவது கியரில் செய்யுங்கள். 1.2, டர்போ இரண்டையும் ஒரே மதியத்தில், ஒரே ஆட்களோடு.